ஒன்பது வீட்டுச் சாவி

என் இடுப்பில் ஒன்பது வீட்டுச் சாவி.
ஒன்றும் என் வீடில்லை.

கீழக்கரையில் செவ்வாய்தோறும்
ஆளில்லாத வீடுகளில் குழாய் திறப்பது என் வேலை.
திறந்து, நூறு எண்ணி, மூடுவது.
எண்ணாமல் விட்டால் மூன்றே வாரத்தில்
உப்பு வந்து வால்வின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.
அப்புறம் ஸ்பேனர் போட்டால்
திருகு அசையாது,
சுவர்தான் பெயர்ந்து கையோடு வரும்.

கடல் இங்கிருந்து மூன்று தெரு தள்ளி.
அது நடந்து வருவதில்லை.
காற்றில் ஏறிக் கதவிடுக்கில் நுழையும்,
மண்ணுக்கடியில் ஊறி போர் குழாயில் ஏறும்.
அந்தத் தண்ணியில் சோப்பு நுரைக்காது,
கெட்ட பால் மாதிரி திரியும்.
துபாயிலிருந்து பஞ்சு சுற்றி வந்த மிக்சர் குழாய்க்கு
இந்த ஊரில் ஆயுசு பதினோரு மாசம்.
முதலில் முகத்தில் பச்சை, பிறகு அம்மை வடு.
ஷவரில் அறுபது துளை.
ஊசியோடு உட்கார்ந்தால் நாற்பது கண் விழிக்கும்.
மீதி இருபதை விட்டுவிடணும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று
கடைக்காரர் சொன்னதை நம்பியவர்கள் ஒன்பது பேர்.
என் பெயர்தான் நம்பு.
நான் நம்புவது பிளாஸ்டிக்கையும் வெள்ளை டேப்பையும்.
டேப்பையும் பதினைந்து சுற்றுக்குப் பிறகுதான்.

ஏழாவது வீடு தாகிர் காக்காவுடையது.
ஆள் புருனேயில்.
மோட்டார் மட்டும் ராத்திரி தானாக எழுந்து ஓடுகிறதாம்.
தெருவில் ஜின் என்றார்கள்.
காக்கா போனில் கரண்டு பில்லை வாசித்தார்:
"அங்க இருக்கிறது பல்லியும் நீயும்தான்.
யாருப்பா குளிக்கிறது?"

எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது.
மாடித் தொட்டி இறங்கிக்கொண்டே இருந்தது,
கடன் வாங்கியவன் சந்தில் நழுவுகிற மாதிரி.
பின்சுவரில் காதை வைத்தேன்.
ஒரு கிசுகிசு.
உளியால் தட்டினால், பழைய இரும்பு எல்போ
டீயில் நனைந்த ரஸ்க் போல உதிர்ந்தது.
கசிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
நல்ல தண்ணி. காவிரி.
ஏர்வாடி ரோட்டில் எங்கள் காலனிக்கு
ஐந்து நாளைக்கு ஒருதடவை
நூலாக இறங்கும் அதே தண்ணி.

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
வாடா சுட்டு விற்கும் மைமூன் ஷரிபாவின் கொல்லை.
எருக்குகூட அந்த மண்ணில் சலித்துக்கொண்டுதான் முளைக்கும்.
அங்கே ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை,
எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி இலை.
அவர் கையில் ஜல்லிக்கரண்டி,
என் கையில் உளி.
இரண்டு வருசமாய் யார் ஊற்றினார்கள் என்று
நான் கேட்கவில்லை.
"சரி பண்ணிருவியா?"
"பண்ணித்தான் ஆகணும்."
"பண்ணு. அது உன் வேலைதானே."

பண்ணினேன்.
இரும்பை அறுத்தெறிந்து, புதுக் குழாய், பசை, சிமெண்டு.
ஒரு துளி வெளியே வராது. அது என் மானம்.
கிளம்பும்போது சுவர்மேல்
காகிதத்தில் மடித்த நாலு வாடா, சூடு ஆறாமல்.
உப்பிட்டவரை நினை என்பார்கள்.
உப்பிடாதது எது இந்த ஊரில்?
ஆனாலும் இந்த உப்பு
தொண்டையில் நின்றது.

அடுத்த செவ்வாய் ஏழாவது வீடு.
திறந்துவிட்ட தண்ணி எப்படியும் சாக்கடைக்குப் போகிறதுதான்.
எண்ணுகிற நேரத்துக்கு ஒரு ஹோஸை மாட்டி
சுவருக்கு மேலே தூக்கிப் போட்டேன்.
அந்த வீட்டில் மட்டும் எனக்குக் கணக்கு வராது.
எழுபத்திரண்டு வந்ததும்
நாக்கு அறுபதுக்குத் திரும்பிவிடும்.

இரண்டு மாசம் கழித்துக் காக்கா கூப்பிட்டார்.
"ஜின் போயிருச்சு போல, பில் இறங்கியிருக்கு.
ஆனா பழைய கணக்குக்கு
இருபது ரூபா கூட நிக்குதே நம்பு?"

"உப்புக் காத்து காக்கா,"
என்றேன்.
"இந்த ஊர்ல அவ்வளவு ஆகும்."