விற்பனையாகாத லீற்றர்

கொழும்பிலிருந்து வந்த அட்டவணையில்
இரண்டாயிரத்து நாற்பது வரைக்கும் கட்டங்கள்.
பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், காஸ்.
கல்முனைப் பக்கம் என் பொறுப்பு.
இப்போது மாதம் எத்தனை லீற்றர்?
இன்னும் பதினைந்து வருசத்தில் எத்தனை?

பெரியநீலாவணையில் தொடங்கினேன்,
மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம்.
வீதிக்கு நாலு வீடு வடக்கே
அதே வெயில், அதே தாகம்,
வேறொரு படிவம்.

கலந்தர்லெப்பை கரையில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
'மீன் கிடக்கிற தூரம் எவ்வளவோ
அவ்வளவு எண்ணெய்.'
மீன் எவ்வளவு தூரத்தில் கிடக்கும்?
'முந்தி அரை மணித்தியாலம். இப்ப ரெண்டரை.
நாற்பதாம் ஆண்டு எங்க கிடக்குமெண்டு
கணக்குப் போட வந்த ஆள் நீங்கதானே தம்பி.'
ஸ்பானரை நீட்டினார், பிடித்துக்கொள்ளச் சொல்லி.
அறுநூறு என்று எழுதினேன்.
ஏன் அறுநூறு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மருதமுனையில் ஹிதாயா
இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள்.
'சிலிண்டர் எப்ப முடியுமெண்டு எப்படித் தெரியும்?'
கேத்தலில் சுடுதண்ணி எடுத்து
உருளையின் தோளில் ஊற்றினாள்.
உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்தாள்.
சூடு, சூடு, சூடு,
ஓரிடத்தில் சட்டென்று குளிர்.
'இஞ்ச வரைக்கும் கிடக்கு.
ஆறு நாள். நோன்பெண்டா நாலு.'
நான் படித்த சூத்திரங்களில்
பிழை எல்லை இவ்வளவு சின்னதாய் ஒன்றுமில்லை.

அலுவலகத்தில் கோடு ஏறிக்கொண்டே வந்து
இருபத்திரண்டில் குழிக்குள் விழுந்தது.
கணினி சொன்னது:
அந்த வருசம் மக்களின் தேவை குறைந்தது.

செட்டுக்குப் போனேன்.
முகாமையாளர் வேல்நாயகம்
விற்ற கணக்குப் பேரேட்டைத் தந்தார்.
மறுகா லாச்சியைத் திறந்து
எண்பது பக்கக் கொப்பி ஒன்று.
'இது கணக்கில்லை. சண்டை வருமெண்டு எழுதி வச்சது.'
பவுசர் காய்ந்த பிறகு
திருப்பி அனுப்பின ஆட்களின் இலக்கம்,
திகதி திகதியாக, சிவப்புப் பேனையில்.
இருநூற்றுப் பத்து. நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரு நாள் மழை; முப்பது பேர்தான்.
மே மாதத்துப் பக்கமொன்றில்
முந்நூற்றுப் பதினேழு: என் ஓட்டோ.
அன்று எண்ணெய் இருநூற்றுத் தொண்ணூறோடு முடிந்தது.
எதற்காக நின்றேன் என்று அவர் எழுதவில்லை.
நானும் இங்கே எழுதவில்லை.

ஊற்றியது மட்டுந்தான் கணக்கு.
மூன்று நாள் வெறும் கேனில் உட்கார்ந்திருந்தவனின் தேவை
சைபர்.

மேலதிகாரி போனில் சொன்னார்:
'அந்த வருசத்தை எடுத்துவிடுங்கள்.
அது விதிவிலக்கு. கோடு நேராகிவிடும்.'
எடுத்தேன்.
நேராகிவிட்டது.
வருசத்துக்கு மூன்று தசம் நாலு வீதம்,
ஒருவரும் எங்கேயும் காத்து நிற்காத நாடு
நாற்பது வரைக்கும் வழவழவென்று ஏறிப் போனது.

கடைசியில் 'குறிப்புகள்' என்றொரு பெட்டி.
எழுதினேன்:
விற்றது வேறு, தேவைப்பட்டது வேறு,
பார்க்க செட்டில் வேல்நா
அதோடு பெட்டி நிறைந்துவிட்டது.
அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

இரவு வீட்டில் கேத்தலை எடுத்து
நானும் ஊற்றிப் பார்த்தேன்.
அடியிலிருந்து நாலு விரல்.
எத்தனை நாளென்று சொல்ல
என் கைக்கு இன்னும் தெரியவில்லை.