என் பெயர் எனக்கே வந்த கிழமை

புதன்கிழமை ஐந்தாம் பாடவேளையைக்
கணிதத்திடமிருந்து பிடுங்கி
மனசுக்குக் கொடுத்தார்கள்.
ஹட்டனிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில்
நிரஞ்சலா மிஸ் வருவார்.
சப்பாத்தில் ஏறிய அட்டையை
உப்புப் போட்டு உதறிவிட்டு
"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்பார்.
தரம் எட்டு, முப்பத்தொரு பேர்,
"நல்லா இருக்கோம் மிஸ்",
அதிபருக்கு வணக்கம் சொல்லும் அதே ராகத்தில்.

சுவரில் ஏழு முகங்கள் ஒட்டியிருந்தார்.
ஒன்று சிரிக்கும், ஒன்று உர்ரென்று இருக்கும்,
ஒன்றின் கன்னத்தில் நீலத் துளி.
அவரவர் முகத்துக்குக் கீழே ஒரு கோடு போடவேண்டும்.
டிலுக்சன் எப்போதும் கோபத்துக்கே போடுவான்.
கேட்டால், அதுதான் கைக்கு எட்டுது மிஸ் என்பான்.
என்னுடையது அந்த ஏழில் இல்லை:
வீட்டுக்குப் போகவும் பிடிக்காமல்
இங்கே இருக்கவும் பிடிக்காமல்
இரண்டுக்கும் நடுவே தேயிலைக்குள் இறங்கும்
நூற்றியிருபது படிகளில் மட்டும்
நன்றாக இருக்கிற முகம்.

மூன்றாம் கிழமை
பால்மா டின்னில் எங்கள் பெயர்களைப் போட்டுக் குலுக்கினார்.
கையில் வருகிற பெயருக்கு
ஒரு கிழமை முழுக்க, ஆளுக்குத் தெரியாமல்,
நல்லது செய்யவேண்டும்.
அடுத்த புதன் உடைத்துவிடலாம்.

விரித்தேன்.
கேஷாந்தினி.
நான்தான்.

கை தூக்கியிருந்தால்
வேறொன்று எடு என்றிருப்பார்.
டின்னில் மிச்சம் இரண்டே துண்டு.
ஜெரோமும் பவிஷ்காவும் வரிசையில்
ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.
மடித்துக் கொம்பாஸ் பெட்டியில் வைத்தேன்.
என் பெயர் வேறு யாரிடமும் இல்லை என்பது
அடுத்த மணி அடித்தபோதுதான் உறைத்தது.

சரி, அவளுக்கு என்ன செய்யலாம்?
அவளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
பீலியில் தண்ணி பிடிக்கும்போது
பின்னால் வந்தவர்களை முன்னால் விடுவாள்.
நல்ல பிள்ளை என்பார்கள்.
வியாழன் விடவில்லை.
குடம் நிறைந்து வழியும்வரை நின்றேன்.
ராசமணி அக்கா ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெள்ளி, கன்டீனில் புளி டொபி இரண்டு வாங்கி
அவளுடைய பெட்டியில் ஒளித்தேன்.
பின்னேரம் பாகைமானி எடுக்கத் திறந்தபோது
உண்மையாகவே திடுக்கிட்டேன்.

ஞாயிறு,
"நீ வரையும் பல்லியைப் பார்த்தால் விரட்டத் தோணுது"
என்று எழுதினேன்.
வெட்கமாகப் போய்க் கிழித்தேன்.
பிறகு சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

இதற்கிடையில்
ஜெரோமின் பென்சில்களை யாரோ சீவி வைக்கிறார்கள்,
டிலுக்சனின் மேசைக்கடியில் சீவல் குவிகிறது.
வகுப்புக்கே தெரியும்.
ஜெரோம் மட்டும் தெரியாத மாதிரி
தினமும் வாயைப் பிளக்கிறான்.

புதன்.
நோர்வூட் வளைவில் மண் சரிந்து பஸ் இல்லை.
கணித சேர் சோக்கோடு உள்ளே வந்தார்.
"ரகசியம் சொல்லணும் சேர்."
"எத்தனை நிமிஷம்?"
"அஞ்சு."
கதிரைகள் இழுபட்டன.
ஆளாளுக்கு ஓடி ஆளாளைத் தொட்டார்கள்,
தகரத்தில் விழுகிற மழையை மீறிக் கத்தினார்கள்.
நான் என் இடத்தில் நின்றேன்.

"ஒனக்கு யாரு?" என்றாள் பவிஷ்கா.
எல்லாரும் திரும்பினார்கள்.
"நான்தான்" என்றேன்.
சிரிப்பு கூரைக்கு ஏறியது.
சேர் சிரிக்கவில்லை.
பலகைக்குத் திரும்பி
ஒன்றின் கீழ் முப்பத்தொன்று என்று எழுதினார்.
"அப்படி வர இவ்வளவுதான் வாய்ப்பு" என்றார்,
கொஞ்சம் பொறாமையோடு என்று எனக்குப் பட்டது.

வெள்ளிவரை யாரும் அதை அழிக்கவில்லை.

படியிறங்கும்போது டிலுக்சன் பின்னாலேயே வந்தான்.
"டொபி மிச்சம் இருக்கா?"
இருந்தது, ஒன்று.
கொடுக்கவில்லை.
மிஸ் வந்து சேரும்வரை
கிழமை முடியாது என்று சொல்லிவிட்டேன்.