கச்சான்

இரவு பதினொன்றரைக்கு வந்தது.
ஒரு நிமிடம் பதினாலு நொடி. ஆண் குரல், அழுகை.
பாம்பன் போட்டு நாலு முங்கிருச்சாம்,
எல்லைக்கு அந்தப் பக்கம் சுட்டுட்டாங்களாம்,
கவர்மெண்டு மறைக்குதாம்.
கடைசியில், பகிருங்கள்.

அதுவரை லுங்கியில் நின்று அழுதவன்
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டான்.

கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடி.
உண்மை சரிபார்ப்புப் பிரிவு என்று
பலகை இருக்கிறது. நாற்காலி மூன்று,
ஆள் இரண்டு, அதில் நான் ஒப்பந்தம்.
காதில் மாட்டி நாற்பது தடவை கேட்டேன்.
"பலத்த மேற்குத் திசைக் காற்றில்" என்கிறான்.
எங்கள் கரையில் எவன் அப்படிச் சொல்வான்?
கச்சான் என்றால் நாக்கில் உப்புத் தட்டும்.
இவனுக்கு எதுவும் தட்டவில்லை.

முதலில் அனுப்பிய எண்ணின் நாட்டைத்
தேசப்படத்தில் தேடித்தான் பிடித்தேன்.
அங்கே கடலே இல்லை.

ஆதாரம் என்ற கட்டத்தில்
கச்சான் என்று எழுதினேன்.
சென்னையிலிருந்து போன்:
அது என்னம்மா, ஆள் பேரா?

சிவப்பு முத்திரை அனுப்பினார்கள், வதந்தி என்று,
சாய்வாக, பெரிதாக.
எடுத்துக்கொண்டு ஜீப்பில் பாம்பன் போனோம்.
டோக்கன் ஆபீஸ் வாசலில் ஐம்பது அறுபது பெண்கள்.
ஒவ்வொருத்தி கையிலும் அந்தக் குரல்
ஒரு நொடி முன்பின்னாக அழுதுகொண்டிருந்தது.

எமல்டா கண்ணாடி போட்டு முத்திரையைப் பார்த்தாள்.
"இதே சிவப்பு. போன ஐப்பசியிலும் இதே சாய்வு.
எங் கொழுந்தனைக் காணோம்னு சொன்னதுக்கு
வதந்தின்னு குத்துனீங்க.
மூணாம் நாள் குந்துகால் ஓரம் ஒதுங்குனான்."

அந்த முத்திரையைக் குத்தியது நான்தான்.
அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம்.

போனைப் பைக்குள் போட்டேன்.
வயர்லெஸ் பெட்டியை வாசலுக்கு இழுத்தால்
ஒயர் பத்தவில்லை. ஜன்னலில் வைத்து
ஒவ்வொரு போட்டாகக் கூப்பிட்டோம்.
சந்தியாகு. வந்தது, கெட்ட வார்த்தையோடு,
தூங்க விட மாட்டீங்களா என்று.
ஒருத்தி சிரித்து, உடனே வாயைப் பொத்தினாள்.
ஆரோக்கிய அன்னை. வந்தது.
மூன்றாவதில் இரைச்சல், பிறகு ஒரு இருமல்.
அவர் இருமல்தான் என்றாள் மனைவி.
நாலாவது, பனிமய மாதா.
பனிமய மாதா.

பனிமய மாதா.

படிவத்தில் இரண்டே விடை, உண்மை அல்லது பொய்.
நாலேகாலுக்கு அதன் குறுக்கே பேனாவால்
மூன்று வந்தாச்சு, ஒன்று தெரியவில்லை, தேடுகிறோம்
என்று எழுதிக் கதவில் ஒட்டினேன்.
மேலிடம் கேட்கும். கேட்கட்டும்.
எமல்டா அதை இரண்டு தடவை படித்தாள்.
பிறகு மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினாள்,
தன் குரலில்.

எனக்கு வேறொன்று குடைகிறது.
சொல் எல்லாம் பொய், அழுகை மட்டும் பொய்யாக இல்லை.
கடலில்லாத ஊரில் உட்கார்ந்து
அவ்வளவு சரியாக விக்க
எந்தச் சாவில் கேட்டுப் படித்தது?
ஐப்பசியில், குந்துகாலில்,
தம்பி காலைப் பிடித்துக்கொண்டு எமல்டா புருஷன் கிடந்தபோது
எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.
ஆவணத்துக்கென்று
நானும்.