ஒரு விரற்கடை

மேசையில் வைத்தால் மேசை அசிங்கமாகிவிடும்,
அவ்வளவு அழகு அந்தக் கருவி.
கடலில் வழி காட்டுவது, மீனவருக்கென்றே செய்தது என்றார்
கொழும்பிலிருந்து வந்த விற்பனைக்காரர்.
பொத்தான் ஒன்றுகூட இல்லை என்பதை
நற்செய்தியைப்போலச் சொன்னார்.

ஜவ்பர்தீன் வாங்கிப்போனார்.
பத்தாம் நாள் திரும்ப வந்தார்.
கச்சான் காற்று என் கடைக்கதவை அடித்துக்கொண்டிருந்த பகல்.
மூன்றாம் குறுக்குத்தெருவில் ஒரு மான்
போன் பெட்டியின் அட்டையை மென்றபடி நின்றது.
பெட்டியை ரசிப்பதில் பலவிதம்.

இரண்டு கருவிகளை வைத்தார்.
"பழசு பழுது, தங்கச்சி.
புதுசு பழுதில்ல.
நான்தான் அதுக்குப் பொருந்தல்ல."

இருட்டு. அலை. கையில் உப்பும் செதிலும்.
அவருடைய விரல்
திரைக்கு விரலாகத் தெரியவில்லை.
சாரத்தில் துடைத்துத் துடைத்துத் தொட்டாராம்;
சாரமும் நனைந்திருந்ததாம்.
கடைசியில் வெளிச்சவீட்டைப் பார்த்துக் கரைசேர்ந்தார்.
அதிலும் பொத்தான் இல்லைத்தான்,
ஆனால் அது யாரையும்
தொடச்சொல்லிக் கேட்பதில்லை.

பழையது சவர்க்காரக்கட்டிபோலத் தடிப்பு,
விளம்பரத்தில் போட ஒருவரும் விரும்பாத மஞ்சள்.
மூதூர்ப் பக்கம் ஒருமுறை தண்ணீரில் விழுந்தபோது
கண்ணில் பட்டது அந்த மஞ்சள்தானாம்.
நடுப்பொத்தானில் மிளகளவு ஒரு குமிழ்.
கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.
பெருவிரல் தானாகவே போய் உட்கார்ந்தது.
அமத்தினால் ஒரு 'டிக்':
எஞ்சின் சத்தத்தில் காதுக்குக் கேட்காது,
எலும்புக்குக் கேட்கும்.

புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
திருகாணி இல்லை, மூட்டு இல்லை,
நகம் நுழைய ஒரு கோடு இல்லை.
அதைச் செய்தவர்கள்
கதவைப் பூட்டவில்லை;
கதவே வைக்கவில்லை.

பழையதில் நான்கு திருகாணி.
நான்கும் ஒரே நீளம்.
இது எவ்வளவு பெரிய கருணை என்பது
நீளம் மாறிய திருகாணியை முறுக்கிப்
பலகையைத் துளைத்தவருக்குத்தான் தெரியும்.
எனக்குத் தெரியும். இருமுறை.

மூடியைத் தூக்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு:
வழக்கமாக இந்த இடத்தில்தான் வயர் அறும்.
அறவில்லை.
தேவைக்கு மேல் ஒரு விரற்கடை நீளம்
வளைத்து, மடித்து, உள்ளே விட்டிருந்தது.
மூடி சாவகாசமாகப் பக்கத்தில் சாய்ந்து படுத்தது.

ஒரு விரற்கடை வயர்.
ஒன்றுக்குச் சதக்கணக்கு, லட்சத்துக்கு எவ்வளவு?
கணக்குப் பார்த்த யாரோ
வெட்டச் சொல்லியிருப்பார்கள்.
யாரோ ஒருவர், எந்த ஊரோ,
கூட்டம் முடிந்து தேநீர் ஆறும்வரை
மாட்டேன் என்று நின்றிருப்பார்.
அவருக்குத் திருகோணமலை தெரியாது.
நான் பெண் என்பதோ, இடக்கைக்காரி என்பதோ தெரியாது.
இதை ஒருநாள் ஒரு கை திறக்கும்
என்பது தெரிந்திருக்கிறது.

பற்றரி முனையில் பச்சைப் பூஞ்சணம்.
வினாகிரி, பழைய பல்துலக்கி, ஒரு சொட்டு ஈயம்.
அவ்வளவுதான் வேலை.
வயரை அதே வளைவில் திரும்ப மடித்து வைத்தேன்;
அடுத்துத் திறப்பது நானாக இல்லாமலும் இருக்கலாம்.

முந்நூறு ரூபாயும் ஒரு பாரைக்குட்டியும் தந்து,
"புதுச வித்துத் தாங்க" என்று போனார் ஜவ்பர்தீன்.
எல்லாரும் கையில் எடுக்கிறார்கள், அழகு என்கிறார்கள்,
வைத்துவிட்டுப் போகிறார்கள்.
இப்போதைக்கு,
கச்சானுக்கு ரசீதுகள் பறக்காமல்
மேலே வைத்திருக்கிறேன்.
நன்றாகத்தான் பொருந்துகிறது.