நாக்குக்கு விடுப்பு

டாக்டர் ராம்துத் மூன்று விரல் வைத்து
என் மணிக்கட்டைக் கேட்டார்.
தீட்சணாக்கினி, என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ரோஸ் ஹில் பஸ் நிலையத்தில்
இருபத்திரண்டு வருஷமாக எண்ணெய் காய்ச்சுகிறவளிடம்
நெருப்புக்குப் பெயர் சொல்கிறார்.

எண்ணெய் மீறிக் காய்ந்தால்
மேலே கருகும், உள்ளே மாவு.
வயிற்றிலும் அப்படியா?
அப்படியேதான், என்றார்.
கொத்தமல்லி ஊறிய தண்ணீர். மோர். கொஞ்சம் நெய்.
ஒரு மாதம் மிளகாய் கூடாது.

சாஸ்திரத்தில் மிளகாய்க்கு என்ன குணம் போட்டிருக்கிறது?
அந்த ஏடுகள் எழுதும்போது
அது நம் பக்கம் வந்து சேரவில்லை அம்மா,
மிளகுக்குச் சொன்னதை வைத்து ஊகிக்கிறோம், என்றார்.
ஊகத்துக்கு ஒரு மாதம் பத்தியம்.

நான் விற்பது காத்தோ பிமாங்.
பெயரிலேயே மிளகாய்.
ஊறிய பருப்பு, வெங்காயத்தாள்,
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாய்ப் பச்சைமிளகாய்.
தினமும் முதல் ஈடு என் வாய்க்கு.
நாக்கு சரி என்றால்தான் கடை.

முதல் நாள் உப்பே விட்டுப்போயிற்று.
காத்ர் போர்ன் பஸ் ஓட்டும் சில்வியோ
பாதி தின்று, மீதியை
ரொட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மரியாதைதான் எரித்தது.

வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பார்த்தேன்.
நல்லா இருக்கு.
அவருக்கு எல்லாமே நல்லா இருக்கும்.

பிறகு முகங்களைப் பார்க்கப் பழகினேன்.
பள்ளிக்கூடப் பெண் ஆனைஸின் மூக்கு நுனியில்
மூன்று பொட்டு வேர்வை: பதம்.
ஆறு என்றால்
அந்தக் கூடை கொண்டைக்குருவிகளுக்குத்தான்.
அதுகளுக்குக் காரமே தெரியாதாம்.
என் தொட்டிச் செடியைக் காலி செய்துவிட்டு
ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பறக்கின்றன.

ஒன்பதாம் நாள் சில்வியோ காது சிவக்க
அய்யோ, என்றான் கிரியோலில்.
தமிழிலும் அதற்கு அதேதான் வார்த்தை.
இன்னும் இரண்டு கேட்டான்.

நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது,
பொய் சொல்லக்கூடாது.
வியாழக்கிழமை டாக்டரே வந்தார்.
நான்கு வாங்கினார். வெண்ணெய் தடவிய ரொட்டியில்.
அவர் நாடியை யார் பிடிப்பது?

பதினோராம் நாள் ராத்திரி
பாத்திரம் கழுவி, விளக்கணைத்து,
தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டேன்.
நகத்தடியில் மிச்சம் இருந்திருக்கிறது.
எழுந்து தண்ணீர் அடித்துக்கொண்டே
கணக்குப் போட்டேன்:

நாளைக்கு
நாலு மிளகாய் குறைக்கவேண்டும்.