இடுப்புக்கு ஒரு சும்மாடு

வைட்ஹார்ஸ் கராஜில் மைனஸ் நான்கு.
அலுமினியச் சட்டகம் குப்புறக் கிடக்கிறது,
யாரோ ஆறடி ஆணின் முதுகுக்கு வளைத்தது.
என் இடுப்பெலும்பு எங்கே இருக்கிறதென்று
செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு அங்குலம் அறுத்தேன். அரம் போட்டேன்.
கீச்சிட்ட மூட்டுக்கு சைக்கிள் டியூப் சுற்றினேன்;
மூஸ் மானுக்குக் காது நீளம்.
பழைய யோகா பாயை நாலாய் மடித்துத் தைத்தேன்,
இடுப்புக்கு ஒரு சும்மாடு.
தோள் இனிமேல் பிடித்துக்கொண்டால் போதும்,
சுமக்க வேண்டாம்.

ஒத்திகைக்குப் பொன்னி அரிசி, இரண்டு மூட்டை.
களிமண் மேட்டில் மூச்சிரைக்க ஏறுகையில்
நாயோடு இறங்கியவர் கேட்டார்:
கடை அவ்வளவு தூரமா?

செப்டம்பர். வில்லோப் புதர்.
பின்னந்தொடை ஒன்று, எலும்போடு, ஐம்பது கிலோ.
மார்லீன் ஏற்றிவிட்டு, "எழும்பு சுபோ" என்றாள்,
நான் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்.
முழங்காலில் ஒரு கணம் நின்று
எழும்பினேன்.

என் தையல் எதுவும் வாய் திறக்கவில்லை.
மூன்றாவது ஓடையில் பட்டென்று போனது
கம்பெனி போட்ட கொக்கி.

வலது பூட்ஸின் கயிற்றை உருவிக் கட்டினேன்.
ஒரு கால் லொடலொடக்க,
முதுகில் இறைச்சி இன்னும் சூடாக,
வண்டிக்கு நாலு கிலோமீட்டர்.

அப்புறம் திரும்பி வரவேண்டும்.
மூன்று கால் மிச்சம் இருக்கிறது.