வெட்டின காப்பு

கஸ்தூரியார் வீதி அடைவுகடையில்
பதினெட்டு வருசமாய்ப் பவுண் நிறுக்கிறவன் நான்.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு.
காசுக்கு வருகிறவனிடம் கதை கேட்கக்கூடாதென்று
முதலாளி முதல்நாளே சொல்லிவைத்தார்.

கருணைராசா முதலில் கொண்டுவந்தது ஒற்றைக் காப்பு.
பதினாறு கிராம், பழைய வேலை,
பூட்டுக்குப் பக்கத்தில் குறட்டால் வெட்டின தடம்.
எங்கள் வீட்டு மோட்டரையும் அவன்தான் திருத்தினவன்,
காசு குறைத்து வாங்கினவன்.
"அம்மாவுக்குக் கை வீங்கிப்போச்சோ?" என்றேன்.
தலையாட்டினான்.

தையல்நாயகி, கோண்டாவில், எழுபத்தொரு வயது.
கிணற்றடியில் வழுக்கி விழுந்தவ என்றுதான்
செத்தவீட்டில் கதைத்தார்கள்.
பிள்ளைகள் மூன்றுபேரும் மூன்று நாட்டில்.

பிறகு பாஷையூரில் எமிலியானா.
பிறகு மானிப்பாய், புவனலோசனி.
அவ வீட்டில் மோட்டர் விடியுமட்டும் ஓடினது.
தொட்டி நிரம்பி வழிந்து, வேலிக்குக் கீழால் போய்
அயல் வளவின் கத்தரிப் பாத்தியை மூடினபிறகுதான்
ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.
மோட்டர் சத்தத்துக்குள் வேறு சத்தம் கேளாது.
வழக்கில் சொன்னபோதுதான் எனக்கது உறைத்தது.

உடுவிலில் அன்னரஞ்சிதம்.
மகன் கனடாவிலிருந்து பூட்டுவித்த கமரா
கேற்றை மட்டும் பார்க்கும்.
பஸ்சுக்குப் பனியில் நின்றபடி
அவன் போனில் பார்த்திருக்கிறான்:
சைக்கிள் வருகிறது. நாய் வாலாட்டுகிறது.
நாற்பத்தாறு நிமிசம் வெறும் கேற்.
பிறகு கருணைராசா வெளியே வந்து
பைப்பில் கால் கழுவி,
நாய் றோட்டுக்கு ஓடிவிடாதபடி
கொளுக்கியை மெல்லப் போடுகிறான்.
"மோட்டர் சரிவந்திட்டுது எண்டு நினைச்சன்."
சாட்சிக்கூண்டில் அந்த மகனால்
அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

சுன்னாகத்தில் பிடித்தார்கள், இன்னொரு கிணற்றடியில்.
"இந்த நட்டை இறுக்கிப்போட்டு வாறன் ஐயா,
விட்டால் தண்ணி ஏறாது."
பொலிஸ்காரர் நின்றார்களாம்.

நான் பதினோராம் சாட்சி.
என் கையெழுத்தில் நாலு பற்றுச்சீட்டு.
"வெட்டியிருந்ததைக் கண்டீரா?"
கண்டேன்.
"சந்தேகம் வரவில்லையா?"
"தாய்க்குக் கை வீங்கினதென்று
எதிரி சொன்னார், கனம் கோட்டாரவர்களே."

சொன்னார்.
தட்டெழுத்துப் பிள்ளை அதை அடித்து முடித்துவிட்டாள்.
கூண்டுக்குள் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
மறுக்கவில்லை.
அன்றைக்குப்போலவே தலையாட்டினான்.

ஏழு வயதில் தாயை இழந்தவன்.
எங்கள் வீட்டுக் குசினிப் படியிலிருந்து
சோறு தின்றபோது அவனே சொன்னவன்.
அந்தக் கேள்வியைக் கேட்ட நேரம்
அது எனக்கு நினைவிருந்ததோ தெரியாது.

தீர்ப்பு நாளன்று விசிறிகளை நிறுத்தினார்கள்,
லைற்றுகளை அணைத்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம்.
சனாதிபதி குறிக்கும் ஒரு நாளில், ஓர் இடத்தில்,
உயிர் பிரியுமட்டும்.
அப்படியொரு நாளை நெடுங்காலமாய்
இந்த நாட்டில் ஒருவரும் குறித்ததில்லை.
கோட்டின் பின்பக்கம்
தண்ணி மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் போய் நிற்பாட்டவில்லை.

இப்போதும் வெட்டின காப்புகள் வரும்.
வயது போனால் கை வீங்கத்தான் செய்யும், பொய்யில்லை.
போன கிழமை ஒரு பெண்பிள்ளை கொண்டுவந்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
அவளாய்ச் சொல்லட்டும் என்று
தராசில் இலக்கம் நிற்குமட்டும் பார்த்திருந்தேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
பதினொன்று தசம் நாலு கிராம்
என்று எழுதினேன்.